விடிகாலை மதுரை: வீட்டாரோடு ஒரு நடை, நிதானமாக ஒரு டிபன்

மதுரைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஊர்க்காரர்கள் முதலில் பேசுவது ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான். தூங்கா நகரம், நடுராத்திரியிலும் இட்லி ஆவி பறக்கும், கொத்துப் பரோட்டாச் சத்தம் ஓயாது என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த ஊரை அனுபவிக்க வேண்டுமானால் ராத்திரியைவிட விடிகாலைதான் தோதான நேரம். காலை ஐந்திலிருந்து எட்டரை வரை காற்று குளுமையாக இருக்கும், சாலை காலியாக இருக்கும், கடைக்காரருக்கும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேச நேரமிருக்கும். ஒன்பதரை தாண்டினால் வெயில், ஹாரன், பார்க்கிங் தேடல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்துவிடும்.

வேலை மாற்றலாகி வந்தவர்கள், பிள்ளையின் படிப்புக்காக வந்தவர்கள், இங்கேயே பிறந்தும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன் எழுந்திராதவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். செலவு அதிகமில்லை, கார்கூடத் தேவையில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு காலைக்கு ஒரு இடம், ஒரு சாப்பாடு. கோயிலுக்கும் போய், மலையும் ஏறி, திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்து, பிரபலமான கடையில் வரிசையிலும் நின்றால் அது சுற்றுலா. ஆசுவாசமான காலை வேண்டுமென்றால் மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு விட்டுவைக்க வேண்டும்.

முதலில் கூட வருபவர்களைப் பாருங்கள்

இடத்தை முடிவு செய்துவிட்டு ஆட்களை அதற்குள் திணிக்காதீர்கள். வீட்டில் யார் மெதுவாக நடப்பவரோ அவருடைய கால்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். முழங்கால் வலிக்கிற பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால் வண்டியூர் தெப்பக்குளம் போங்கள். சமதளம், உட்கார இடம் உண்டு, போதும் என்று தோன்றும் இடத்தில் திரும்பிவிடலாம். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் கீழக்குயில்குடி சமணர்மலை. கணவன் மனைவி மட்டும், அல்லது வெளியூரிலிருந்து வந்திருக்கும் அக்கா தங்கையோடு என்றால் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகள். எல்லா வயதும் கலந்திருந்தால் யோசிக்காமல் தெப்பக்குளம்.

ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஆறு பேர்வரை ஒரே மேசையில் நெருக்கி உட்காரலாம். அதற்கு மேல் போனால் இரண்டு மேசை, இரண்டு பேச்சு, இரண்டு பில் என்று ஆகிவிடும். முதல் தடவைக்குப் பக்கத்து வீட்டாரை அழைக்காமல் உங்கள் வீட்டோடு மட்டும் போய்வாருங்கள்.

சனிக்கிழமை இரவு

எட்டு எட்டரைக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இட்லி, கோதுமை ரவை உப்புமா மாதிரி எதுவானாலும் லேசாக இருக்கட்டும். பரோட்டா சால்னாவை இறக்கிவிட்டு ஐந்து மணிக்கு எழுந்திருக்க யாராலும் முடியாது. உடைகளை எடுத்து நாற்காலியில் போட்டுவையுங்கள். பையில் வைக்க வேண்டியவை: தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, தரையில் விரிக்கப் பழைய போர்வை, நாலைந்து வாழைப்பழம், பத்து இருபது ரூபாய் நோட்டுகள். காலை நேரத் தள்ளுவண்டியில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அவரும் பாவம், நாமும் பாவம். வண்டிக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிகாக்‌ஷனை இரவே இறக்கி வைத்துவிடலாம். காலையில் பால் காய்ச்சினால் போதும். வெளியே போய்க் காபி குடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கிளம்பும் முன் வீட்டிலேயே அரை டம்ளர் குடித்துவிட்டால்தான் பெரியவர்களுக்கு நடக்கத் தெம்பு வரும்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரோ இன்சுலின் போடுபவரோ வீட்டில் இருந்தால் அவரை வெறும் வயிற்றோடு நடக்க விடாதீர்கள். கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடட்டும். பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். மாத்திரையை எப்போது போடுவது, காலை உணவு தாமதமானால் என்ன செய்வது என்பதை அவருடைய டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எழுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லோருடைய போனிலும் அலாரம் வைத்தால் வீடே அதிரும், எரிச்சலோடுதான் எழுந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் அலாரம் வைத்து எழுந்து, பால் காய்ச்சி, காபி வாசனை வந்த பிறகு பெரியவர்களை எழுப்பட்டும். பிள்ளைகளைக் கடைசியில் எழுப்பினால் போதும். முகம் கழுவி, சட்டை மாற்றினால் கிளம்பிவிடலாம். கோயிலுக்குள் போவதானால் தவிர, குளியல் திரும்பி வந்த பிறகு.

எத்தனை மணிக்குக் கிளம்புவது

மதுரையில் சூரியன் சீக்கிரம் உதிப்பது மே கடைசி, ஜூன் தொடக்கத்தில்: 5.55 வாக்கில். தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில்: 6.40 வாக்கில். மற்ற மாதங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே கண் தெரிகிற அளவு வெளிச்சம் வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஜனவரி மாதம், வீடு கே.கே. நகரில், போகிற இடம் தெப்பக்குளம் என்றால் ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும். சமணர்மலை என்றால் ஐந்தே முக்கால். மே மாதத்தில் இதே கணக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடும். அதனால் புதிதாகப் பழகுபவர்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்குவதே எளிது. குளிரும் இருக்கும், தூக்கமும் அதிகம் கெடாது.

ஞாயிறு விடிகாலையில் டவுன் பஸ் குறைவாகத்தான் இருக்கும். ஆட்டோவில் போவதானால் சனிக்கிழமையே தெரிந்த ஆட்டோக்காரரிடம் சொல்லி, போக வர இரண்டுக்கும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்குளத்திலும் கோயில் பக்கத்திலும் திரும்புவதற்கு ஆட்டோ தானாகவே கிடைக்கும். சமணர்மலையில் கிடைக்காது.

தெப்பக்குளம்

1645 வாக்கில் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம் இது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் குளமானது, அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம், தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலம். ஒரு சுற்று நடந்தால் 1.2 கிலோமீட்டர் ஆகும். தைப்பூசத்தன்று அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் வலம் வருவது இங்கேதான். அன்று மட்டும் இந்தப் பக்கம் நிதானத்தைத் தேடி வராதீர்கள்.

நடைக்காரர்கள் ஐந்து மணிக்கே வந்து வேகமாகச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களோடு போட்டி வேண்டாம். ஒரு சுற்று நடந்தால் தாராளம். பிறகு ஒரு கைப்பிடிச் சுவரோரம் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மைய மண்டபத்துக் கோபுரத்தின்மீது முதல் வெளிச்சம் விழுந்து, அது அப்படியே தண்ணீருக்கு இறங்கும். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அங்கே உட்கார்ந்தால் பேத்தியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார். “இதுல தண்ணியே இல்லாம கெடந்துச்சுடி. உங்கப்பன் நடுக்கொளத்துல கிரிக்கெட்டு வெளையாண்டு முட்டியப் பேத்துட்டு வந்தான்” என்பார். என் மகள் உடனே அப்பாவின் முழங்காலில் தழும்பு தேடுவாள். பல வருடங்கள் வறண்டு கிடந்து, இளவட்டங்களுக்கு மைதானமாக இருந்த குளம், வைகைத் தண்ணீர் வந்து நிரம்பியிருப்பதைப் பார்க்கிற சந்தோஷம் பழைய மதுரைக்காரர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஊர்க்காரர்களாக இருந்தால் இங்கே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். கதை தானாக வரும்.

சித்திரை வீதிகள்

கோயில் காலை ஐந்து மணிக்குத் திறக்கும். உள்ளே போவதானால் குளித்துவிட்டு, வேட்டி அல்லது பேன்ட், புடவை அல்லது சுடிதார் என்று உடுத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். அரைக்கால் டவுசருக்கு அனுமதியில்லை. 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசி கொண்டுபோகவும் தடை. எல்லோருடைய போனையும் ஒரே பையில் போட்டு வெளியே கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு, டோக்கனை ஒருவரே வைத்திருந்தால் திரும்பும்போது தேட வேண்டியிருக்காது.

உள்ளே போகாமல் வெளியே சுற்றினாலும் அந்தக் காலை நிறைவாகத்தான் இருக்கும். சித்திரை வீதிகளுக்குள் வண்டிகளை விடுவதில்லை என்பதால் பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். நான்கு வீதியும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கீழைக் கோபுரத்தடியில் தொடங்கி வலமாகப் போனால் அடுத்து வருவது தெற்குக் கோபுரம். நான்கில் உயரமானது அதுதான், ஏறத்தாழ 170 அடி. இருட்டில் கறுப்பாக நின்றுகொண்டிருப்பது வெளிச்சம் ஏற ஏறச் சுதைச் சிற்பம் சுதைச் சிற்பமாகப் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் ஐந்து மணிக்கு எழுந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மாசி வீதிப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வருவது உத்தமம்.

சமணர்மலை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே சுமார் 12 கிலோமீட்டர். தேனி சாலையில் போய், நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்தில் கீழக்குயில்குடி என்று கேட்டுத் திரும்ப வேண்டும். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள், தாமரைக்குளம். குளத்தில் தாமரை விரிய ஆரம்பிக்கிற நேரத்துக்குப் போய்விட்டால் பிள்ளைகளை அந்த இடத்தைவிட்டுக் கிளப்புவதே பெரும்பாடாகிவிடும். விட்டுவிடுங்கள், மலை எங்கேயும் போகாது.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று செட்டிப்புடவு. மலையைச் சுற்றிக்கொண்டு தென்மேற்குப் பக்கம் போக வேண்டும், ஏற்றம் குறைவு. குகையின் வெளிப்பாறையில் முக்குடைக்குக் கீழே பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, அமர்ந்திருப்பார். உள்ளே குனிந்து போனால் கூரைச் சரிவில் வரிசையாகச் சிற்பங்கள். அதில் சிங்கத்தின்மீது ஏறி யானையை எதிர்க்கும் பெண் தெய்வத்தைப் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று பேச்சிப்பள்ளம். அய்யனார் கோயில் அருகிலிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும். கைப்பிடிக் கம்பி இருக்கிறது. மேலே ஒரு சுனை, அதையொட்டிய பாறையில் ஒரே வரிசையில் சிற்பங்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. கீழே வட்டெழுத்தில், அதாவது பழங்காலத் தமிழ் எழுத்தில், செய்துவைத்தவர்களின் பெயர்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள். தலைக்கு மேல் நாகம் படமெடுத்து நின்றால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். காலிலும் கையிலும் கொடி சுற்றிப் படர்ந்திருந்தால் பாகுபலி என்ற சமணத் துறவி. தவத்தில் அசையாமல் நின்றதால் கொடி படர்ந்துவிட்டது என்ற கதையைச் சொன்னால் பிள்ளைகள் ஐந்து நிமிடமாவது அசையாமல் நின்று பார்ப்பார்கள். எட்டுகிற உயரம் என்பதற்காகச் சிற்பத்தைத் தொட விடாதீர்கள், எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்க விடாதீர்கள். ஆயிரம் வருடம் தாங்கிய பாறை நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

தெம்பிருப்பவர்கள் இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் (துறவிகள் தங்கி வழிபட்ட இடம்) அடித்தளம் மட்டும் மிஞ்சியிருப்பதையும், உச்சிப் பக்கத்தில் விளக்குத் தூணையும் பார்க்கலாம். அங்கே படி கிடையாது, வெறும் பாறைச் சரிவுதான். பிடிமானமுள்ள செருப்பு அவசியம், மழை ஈரத்தில் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் ஆலமரத்தடியிலேயே போர்வையை விரித்து உட்கார்ந்திருக்கட்டும். மேலே போனவர்கள் ஏழரைக்குள் இறங்கிவிடுங்கள். பாறை சூடேற ஆரம்பித்தால் இறங்குவது சிரமம்.

மலைகளைத் தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் பசுமை நடை என்ற குழுவைப் பற்றி விசாரியுங்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளுக்கு ஞாயிறு காலைகளில் கூட்டமாகப் போய், விவரம் தெரிந்தவர்களிடம் வரலாற்றைக் கேட்டு, முடிவில் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுப் பிரிவது அவர்கள் வழக்கம். குடும்பமாகப் போகலாம்.

மரத்தடி டிபனா, ஓட்டலா?

சமணர்மலை என்றால் கட்டுச்சோறுதான் சரி. அடிவாரத்தில் சின்னக் கடைகள் இருந்தாலும் ஐந்தாறு பேர் பசியாற அதை நம்பிப் போகக் கூடாது. பொடி இட்லியை மிஞ்ச ஒன்றுமில்லை. இட்லியை முழுதாக ஆறவிட்டு, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்கிக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து, பொடி கரைந்து, பிசுபிசுவென்று ஆகிவிடும். அதனால் இட்லியைச் சனிக்கிழமை இரவே அவித்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்குப் பொடி குறைவாக, எண்ணெய் கூடுதலாக. கூடவே பிளாஸ்கில் காபி. சாப்பிட்ட இலையைக்கூடப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மற்ற இரண்டு இடங்களுக்கும் ஓட்டல்தான். நேரம் முக்கியம். ஞாயிறன்று பெயர் பெற்ற கடைகளில் எட்டரைக்கு மேல் நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுகொள்ளும். அப்படி நிற்கும்போது நிதானமாகச் சாப்பிட முடியாது. ஏழே காலிலிருந்து எட்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும்.

எந்தக் கடை என்று கேட்டால், மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடை மாதிரி ஊரறிந்தவை இருக்கின்றன, புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் உங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உங்களுக்கென்று ஒரு கடையைக் கண்டுபிடிப்பதுதான் நீண்ட நாளைக்கு உதவும். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அடுப்படியைப் பாருங்கள். துணி விரித்த தட்டில் இட்லி அவித்து, தண்ணீர் தெளித்துத் துணியை உரித்தெடுக்கிறார்களா? ஈடு இறங்கிய கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாகிறதா? தேங்காய்ச் சட்னி வெள்ளையாக, தண்ணீர் பிரியாமல் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்குத் தூக்குவாளியில் சாம்பார் வாங்கிப் போகிறார்களா? இந்த நான்கும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம்.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் ஆளுக்கு இரண்டு இட்லி. இட்லி ஆறிப்போயிருந்தால் சப்ளையரிடம், “அண்ணே, அடுத்த ஈடு எறங்குனதும் குடுங்க” என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் காத்திருப்பது நஷ்டமில்லை, பேசத்தானே வந்திருக்கிறோம். ஒரு உளுந்தவடையை இரண்டு பேருக்கு, ஒரு பொங்கலை மூன்று பேருக்கு என்று நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். தோசையைக் கடைசியில் சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் எல்லாருக்கும் வந்து சேரும்வரை ஒருவருடைய முறுகல் நமத்துக்கொண்டிருக்கும். காரச் சட்னி மதுரையில் நிஜமாகவே காரம். பிள்ளைகளின் இலையில் ஊற்றும் முன் கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். காபி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு. அரைச் சர்க்கரை, சர்க்கரை இல்லாமல், ஸ்ட்ராங்காக என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்கலாம், மாஸ்டர் முகம் சுளிக்க மாட்டார்.

ஞாயிறு காலை அசைவம் இல்லாமல் விடியாத வீடுகளுக்கு ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் இருக்கிறது. பாயா இரவெல்லாம் கொதித்திருந்தால்தான் எலும்புச் சாறு இறங்கியிருக்கும். குழம்பை இடியாப்பத்தின்மேல் ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிட்டு அப்புறம் கையை வையுங்கள். பெரியவர்களுக்கு ஆப்பம் இன்னும் மெத்தென்று இருக்கும்.

ஓட்டல் வேண்டாம், நடந்துகொண்டே எதையாவது சூடாகக் குடித்தால் போதும் என்கிற நாளில் பருத்திப்பால் வண்டியைத் தேடுங்கள். பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம், தேங்காய்த் துருவல் சேர்த்துக் காய்ச்சுவது. வெளியூர்க்காரர்கள் பேரைக் கேட்டுத் தயங்குவார்கள். முதலில் ஒரு டம்ளர் வாங்கி எல்லோரும் ஆளுக்கு இரண்டு வாய் குடித்துப் பார்க்கட்டும். தேங்காயைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லிக் கேளுங்கள். கெட்டியாக இருப்பதால் ஒரு டம்ளரிலேயே வயிறு நிறையும். அதனால் டிபனுக்கு முன் முழு டம்ளர் வேண்டாம்.

பேச்சு

இதற்கெல்லாம் வழிகாட்டி தேவையா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். பிள்ளையின் மார்க், வீட்டுக் கடன், யாருடைய கல்யாணம் எப்போது என்கிற மூன்றையும் வீடு திரும்பும்வரை எடுக்கக் கூடாது. யாராவது எடுத்துவிட்டால் கோபப்படாமல், “மத்தியானம் பேசுவோம்” என்று சொன்னால் போதும். போட்டோ எடுப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள், மற்றவர்கள் போன் பையிலேயே இருக்கட்டும். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதை நிரப்ப முயல வேண்டாம்.

எந்த மாதத்தில் எங்கே

மார்கழியில் கோயில்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறக்கும், தெருவெல்லாம் கோலம், திருப்பாவை. அந்த மாதம் சித்திரை வீதிகளுக்கும், வீட்டுப் பக்கத்துக் கோயில் பொங்கலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். தை, மாசியில் மலை. பங்குனி தொடங்கிவிட்டால் மலையை விட்டுவிட்டுக் குளத்தங்கரை. சித்திரைத் திருவிழா நாட்களில் ஊரே நிரம்பி வழியும். அழகர் ஆற்றில் இறங்குவதும் விடிகாலையில்தான் என்றாலும் அதற்குப் போகும் முறையே வேறு. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் அந்தக் கூட்டத்துக்குள் போக வேண்டாம். கொஞ்சம் தூரம் போகலாம் என்று தோன்றுகிற ஞாயிறில் 21 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அழகர்கோவில் இருக்கிறது. அங்கே பிரசாதமாகக் கிடைக்கும் கனத்த மிளகு தோசைக்காகவே போகலாம். குரங்குகள் உண்டு, கையில் பை தொங்கினால் பிடுங்கிவிடும்.

கோடையில் திரும்பும் வழியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்று மல்லிகை மொட்டு கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் விலை தாறுமாறாக ஏறிவிடும், கோடையில்தான் வரத்து அதிகம். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து கட்டினால் சாயங்காலம் விரியும்.

மழை வந்தால் திட்டத்தைக் கைவிட வேண்டாம், நடையை மட்டும் விட்டுவிட்டு நேரே டிபனுக்குப் போங்கள். யாராவது எழுந்திரிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகள், கட்டாயப்படுத்தாமல் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது அவர்களுக்குப் பார்சல் வாங்கி வாருங்கள். சட்னி, சாம்பார் தனித்தனியாக, இட்லி இலையில் கட்டியதாக இருக்கட்டும். வடையைச் சாம்பாரோடு ஒரே பைக்குள் போட விடாதீர்கள், வீடு வருவதற்குள் நமத்துவிடும்.